வச்சிரம்: தஞ்சை மண்ணில் மரத்தை மரத்தோடு சேர்த்த கதை

சென்ற மே மாதம் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். பதினான்கு வயது. வந்த இரண்டாம் நாளே, "தாத்தா, ஸ்கேட்போர்டு பலகை நாமே செய்யலாமா? கடையில வாங்கினா ரொம்ப விலை" என்று ஆரம்பித்தான். சக்கரமும் இரும்புச் சட்டமும் ஏற்கெனவே ஒரு நண்பனிடமிருந்து வாங்கி வைத்திருக்கிறான். பலகைதான் பாக்கி.

மகாபலிபுரத்தில் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் இதை ஓட்டுவதை நானும் பார்த்திருக்கிறேன். அங்கே ஓட்டிய ஒரு சிறுமியைப் பற்றி 2019-இல் 'கமலி' என்று ஒரு குறும் ஆவணப்படமும் வந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தப் போட்டியைப் பிளாஸ் த லா கோன்கோர்த் சதுக்கத்தில் வைத்தார்கள். பதினாறாம் லூயியின் தலையை வெட்டிய இடம் என்று எங்கள் சரித்திர வாத்தியார் முசே உருப்போட வைத்த அதே இடத்தில் பிள்ளைகள் பலகையில் ஏறிப் பறக்கிறார்கள். பிரெஞ்சில் இதற்குப் 'பிளான்ஷ் ஆ ரூலேத்' என்று பெயர். சின்னச் சக்கரம் வைத்த பலகை, அவ்வளவுதான்.

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான் என்பது இந்தப் பக்கத்தை வாசிக்கும் பழைய நண்பர்களுக்குத் தெரியும். 1954 நவம்பர் முதல் தேதி கொடி இறங்கியபோது எனக்கு ஐந்து வயது. ஆனாலும் பள்ளிக்கூடம் அதன்பிறகும் பல வருஷம் பிரெஞ்சிலேயே ஓடியது. 'த்ரவோ மனுவேல்' என்று வாரம் ஒரு மணி நேரம் கைவேலை வகுப்பு உண்டு. மர வேலையில் ஒட்டிய இடத்தை இறுக்கிப் பிடிக்கும் கருவிக்கு அங்கே 'சேர்-ஜுவேன்' என்று சொல்லிக் கொடுத்தார்கள். 'சேர்' என்றால் பிரெஞ்சில் இறுக்கு. நமக்கோ 'சேர்' என்றால் சேர். இரண்டு மொழியும் ஒரு கருவியில் இப்படிப் பொருந்திப்போனது அந்த வயதில் எனக்குப் பெரிய ஆச்சரியம். பக்கத்துப் பையனிடம் சொல்லப்போய், வகுப்பில் தமிழ் பேசியதற்காக முட்டி போட்டேன்.

நிற்க. பேரன் விஷயத்துக்கு வருகிறேன்.

கடைப் பலகை மேப்பிள் மரத்தின் ஏழு மெல்லிய தகடுகளை ஒட்டிச் செய்வது. ஒவ்வொரு தகடும் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். பெரும்பாலும் ஐந்து தகடு நீளவாட்டில், இரண்டு குறுக்குவாட்டில். மரத்தின் நார் ஒரே பக்கம் ஓடினால் அந்த வாட்டத்தில் பிளந்துவிடும். குறுக்கே ஒன்று போனால் பிளவு அங்கே நிற்கும். இதனால்தான் பிரெஞ்சில் ப்ளைவுட்டுக்குக் 'கோன்த்ர்ப்லக்கே' என்று பெயர். எதிரெதிராய் ஒட்டியது என்று அர்த்தம்.

மேப்பிளுக்குத் தஞ்சாவூரில் எங்கே போவது? மூன்று எம்எம் ப்ளைவுட் நான்கு துண்டு வாங்கினோம். வெள்ளைப் பசை ஒரு டப்பா. கிளாம்ப் மட்டும் கிடைக்கவில்லை. வாடகைக்குக் கேட்ட தச்சுப் பட்டறையில் இரண்டுதான் தந்தார்கள், அதுவும் கையடக்கமானவை. காற்றை உறிஞ்சி எடுக்கும் பை ஒன்றுக்குள் பலகையை வைத்து ஒட்டுவார்கள் என்று பேரன் போனில் காட்டினான். பைக்குள் காற்று இல்லாவிட்டால் வெளிக்காற்றே மேலே உட்கார்ந்து அழுத்துமாம். ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ. பலகை 80 சென்டிமீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் அகலம். ஆக 1,600 கிலோ. அறுபது கிலோ நெல் மூட்டை என்று வைத்தால் இருபத்தாறு மூட்டைக்கு மேல்! அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் கூட்டிக் கழித்த கை, இதைக் கணக்குப் போடாமல் விடவில்லை.

கணக்குப் போட்டதும் வழியும் தெரிந்தது. அம்மாபேட்டையில் சம்பந்தி வீட்டுப் பத்தாயத்து அறையில் மூட்டை அடுக்கியிருந்தார்கள். இரண்டு முனையும் லேசாகத் தூக்கி நிற்கும்படி அடியில் ரீப்பர் கட்டை கொடுத்து, பசை தடவிய நான்கு துண்டையும் அடுக்கி, ஓரங்களைத் தென்னங்கயிற்றால் சுற்றிக் குச்சி கொடுத்து முறுக்கி, மேலே ஐந்து மூட்டை ஏற்றினோம். 300 கிலோ. பை தரும் அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. பேரன் மூன்று மணி நேரத்தில் பொறுமையிழந்து மூட்டையை இறக்கச் சொன்னான், நானும் இறக்கினேன். ஒரு முனை வாய் பிளந்து சிரித்தது. மறுபடி நான்கு துண்டு வாங்கி இரண்டாம் தடவை செய்தபோது முழுதாக ஒரு நாள் விட்டோம்.

அந்த ஒரு நாள் முழுக்க மூட்டைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. எழுத வேண்டியதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அது வீணை பற்றியது. அதற்கு முன்னால் பசையின் கதை கொஞ்சம்.

மரத்தோடு மரத்தைச் சேர்க்கும் வித்தை மிகப் பழையது. எகிப்தில் சக்காரா படிப் பிரமிடில் ஆறு அடுக்குத் தகடு மரத்தால் செய்த சவப்பெட்டியின் துண்டு கிடைத்திருக்கிறது. நான்காயிரத்தறுநூறு வருஷத்துக்கு முந்தியது. ஒவ்வொரு அடுக்கும் ஏறக்குறைய நான்கு மில்லிமீட்டர், நார் மாறி மாறி. ஆனால் அதை ஒட்டவில்லை, மர ஆணி அடித்துச் சேர்த்தார்கள். பிறகு சுமார் 3,400 வருஷத்துக்கு முந்திய ரெக்மிரே என்ற எகிப்திய மந்திரியின் கல்லறைச் சித்திரத்தில், தச்சர்கள் வேலை செய்யும் இடத்தில் அடுப்பின் மேல் பசைச் சட்டி ஒன்று இருக்கிறது. சட்டியில் இருப்பது வேறொன்றுமில்லை. நம் தச்சாசாரிகள் 'வச்சிரம்' என்றும் 'வஜ்ஜரம்' என்றும் சொன்னதுதான். மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. வடக்கே 'சரேஸ்' என்பார்கள். பிரெஞ்சில் 'கோல் ஃபோர்த்', வலுத்த பசை.

இந்திரனின் ஆயுதத்துக்கும் வச்சிரம், வைரத்துக்கும் வச்சிரம், மாட்டுத் தோல் பசைக்கும் வச்சிரம். பெயர் வைத்தவன் அதன் வலுவைப் பார்த்து வைத்திருக்கிறான், நாற்றத்தைப் பார்த்து வைக்கவில்லை.

1771-இல் துய்அமேல் து மோன்சோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி பசை காய்ச்சும் தொழிலைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். அதே காலத்தில்தான் ரூபோ என்ற தச்சர், தச்சுக்கலை பற்றிப் பெரிய பெரிய தொகுதிகளாக எழுதிக்கொண்டிருந்தார். இங்கே தஞ்சையில் துளஜா மகாராஜா ஆண்ட காலம் அது. 1739-இல் காரைக்காலைத் தஞ்சை மராட்டிய அரசரிடமிருந்து பெற்ற பிரெஞ்சுக்காரர்கள் அங்கே முப்பது வருஷமாகக் கப்பலும் கிட்டங்கியுமாக இருந்தார்கள். அவர்கள் ஆட்கள் பசையைப் பற்றிப் புத்தகம் போட்டார்கள். நம் ஆட்கள் சட்டியும் கையுமாக இருந்துவிட்டார்கள். அப்பனிடம் பார்த்துப் பிள்ளை கற்றான். அதனால்தான் இன்றைக்கு நான் இவ்வளவு மேலோட்டமாக எழுத வேண்டியிருக்கிறது என்று வருத்தமும் உண்டு.

காய்ச்சும் முறை சிறு வயதில் எங்கள் தெருக் கோடித் தச்சுப் பட்டறையில் தினமும் பார்த்தது. பாளம் பாளமாக, கருப்பட்டி நிறத்தில் இருக்கும் வச்சிரத்தை உடைத்து முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப்போடுவார்கள். காலையில் உப்பி, குழகுழவென்று இருக்கும். பெரிய சட்டியில் தண்ணீர் கொதிக்கும். அதற்குள் சின்னச் சட்டியை இறக்கி அதில் வச்சிரத்தை உருக்குவார்கள். நேராகத் தீயில் வைக்கக் கூடாது, பொங்கவிடவும் கூடாது. பொங்கினால் பசையின் பிடிப்பு போய்விடும். சூடாகத் தடவி, ஆறுவதற்குள் இரண்டு மரத்தையும் சேர்த்துத் தேய்த்துக் கயிற்றால் கட்டி, கயிற்றுக்கும் மரத்துக்கும் நடுவே ஆப்பு அடித்து இறுக்கிவிட வேண்டும். ஆறியதும் கட்டியாகும், உலர்ந்ததும் கல்லாகும். ஐப்பசி கார்த்திகையில் ஒட்டு வேலை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். "ஈரக் காத்துல வச்சிரம் நிக்காதுங்க, தை பொறக்கட்டும்" என்று திருப்பி அனுப்புவார்கள்.

எல்லாவற்றுக்கும் வச்சிரமா என்றால் இல்லை. இது நெல் விளையும் பூமி. சோறே பாதிப் பசை. பட்டம் ஒட்ட, கவர் ஒட்ட, தாசில்தார் ஆபீஸ் தபால் ஒட்டக்கூடச் சோற்றுப் பருக்கைதான். மிருதங்கத்தின் வலந்தலையில் கறுப்பாக வட்டம் இருக்கிறதே, அது கிட்டான் கல்லை இடித்த பொடியும் வடித்த சோறும் சேர்த்து மசித்து, கொஞ்சம் கொஞ்சமாக அப்பிக் கல்லால் தேய்த்து ஏற்றுவது. நாம் சாப்பிடும் சோறுதான் சபையில் 'நம்' என்று பேசுகிறது.

தஞ்சாவூர் ஓவியம் என்று இன்று உலகம் சொல்வதற்குப் பழைய பெயர் பலகைப் படம். பலா மரப் பலகை மேல் துணியை ஒட்டி, அதன் மேல் சுண்ணாம்புப் பூச்சுப் பூசி இழைத்து, பிறகுதான் கோடு போடுவதும் தங்க ரேக்கு ஒட்டுவதும். அந்தத் துணியை ஒட்டப் புளியங்கொட்டைப் பசை. கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சுவது. பூச்சி அரிக்காமலிருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் சேர்ப்பார்கள். இரண்டாம் சரபோஜி காலத்தில், அதாவது 1798 முதல் 1832 வரை, இந்தக் கலை கொழித்தது. இப்போது பெரும்பாலும் ப்ளைவுட் மேல்தான் வரைகிறார்கள். குறை சொல்ல மாட்டேன். பலாப் பலகை வளையும், வெடிக்கும். ப்ளைவுட் அவ்வளவு வளையாது. என் மகள் கல்யாணத்துக்கு வந்த தவழும் கிருஷ்ணன் ப்ளைவுட் மேல்தான் தவழ்கிறான்.

இனி வீணை.

தஞ்சாவூர் வீணை என்று இன்று நாம் காணும் வடிவத்தை, இருபத்துநான்கு மெட்டும் நிலையாகப் பதித்த வீணையை, ரகுநாத நாயக்கர் (1600–1634) காலத்தோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். கோவிந்த தீட்சிதர் அவருடைய மந்திரி. அதற்கு முன் ராகத்துக்கு ஏற்ப மெட்டை நகர்த்தி வைத்துக்கொண்டார்கள். நிலையாக இருபத்துநான்கு வைத்தபின் ஒரே வீணையில் எல்லா ராகமும் வந்தது.

வீணைக்கு மரம் பலா. பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வரும். குடம், தண்டி, யாளி முகம் எல்லாம் ஒரே மரத்திலிருந்து குடைந்து வந்தால் அது ஏகாண்ட வீணை. மூன்றையும் தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. ஏகாண்ட வீணையில்தான் நாதம் தடையில்லாமல் ஓடும் என்று வித்வான்கள் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் அவ்வளவு பெரிய மரமும் அதற்குக் கொடுக்கப் பணமும் எத்தனை வீட்டில் இருந்தது? குமாஸ்தா வீடுகளிலும் வாத்தியார் வீடுகளிலும் பெண்பிள்ளைகள் மடியில் இருந்தது ஒட்டு வீணைதான். சரித்திரம் எழுதுகிறவர்கள் ஏகாண்ட வீணையைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். நான் ஒட்டு வீணைக் கட்சி.

ஒட்டு வீணையில் உயிர்நிலை எது என்றால், தண்டி குடத்தோடு சேரும் இடம். தந்தி குடத்தின் மேலுள்ள குதிரையில் ஏறி, அந்தக் கோடியில் பிரடையில் போய் முறுகுகிறது. ஏழு தந்தியும் இரவு பகலாக, வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும், தண்டியைக் குடத்தின் பக்கமாக மடக்கப் பார்த்துக்கொண்டே இருக்கும். அந்த இழுப்பை அத்தனை வருஷமும் தாங்கி நிற்பது ஒரு பூச்சு வச்சிரம்.

எங்கள் அக்காவுக்குத் திருவாரூரில் கல்யாணம் ஆனபோது அப்பா வாங்கிக் கொடுத்தது ஒரு ஒட்டு வீணை. அப்பாவின் மூன்று மாதச் சம்பளம் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அக்கா நன்றாக வாசிப்பாள். கச்சேரி அளவுக்கு இல்லை. சாயங்காலம் விளக்கேற்றியதும் ஒரு மணி நேரம், தெருவில் நாலு பேர் திண்ணையில் உட்கார்ந்து கேட்கும் அளவுக்கு.

1977 நவம்பர் 12 புயலை இந்தப் பகுதியில் என் வயதுக்காரர்கள் யாரும் மறக்க முடியாது. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கரை ஏறி, தஞ்சை ஜில்லாவையே புரட்டிப்போட்டது. அக்கா வீட்டுக் கூரையில் ஓடு பறந்து, வீணை வைத்திருந்த அறையில் இரண்டு நாள் தண்ணீர் சொட்டியது. சாலை திறந்தபின் காரைக்காலிலிருந்து பஸ்ஸிலும் நடையிலுமாகப் போய்ச் சேர்ந்தேன். வீடு, ஆள், மாடு எல்லாம் பத்திரம். வீணையை உறையிலிருந்து எடுத்தால் தண்டியும் குடமும் தனித்தனியாகக் கையில் வந்தன. ஈரத்தில் வச்சிரம் கரைந்து விட்டுவிட்டது. மரத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அக்கா அழவில்லை. "தஞ்சாவூருக்கு எடுத்துட்டுப் போகணும், தம்பி. இப்ப கையில காசு இல்ல. தை மாசம் பாப்போம்" என்றாள்.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கைவேலை வகுப்பில் பரிசு வாங்கியவன் என்ற திமிர். சந்தையில் புதிதாக வெள்ளைப் பசை வந்திருந்த காலம்.

வெள்ளைப் பசையின் கதையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் ப்ளைவுட் முதலில் வந்தது அசாம் தேயிலைப் பெட்டிக்காக. தேயிலை தீர்ந்த பெட்டிகள் நம் ஊர் வீடுகளில் அரிசிப் பெட்டியாகவும் புத்தக அலமாரியாகவும் வாழ்ந்தன. 1945-இல் கேரளத்தில் வளபட்டணத்தில் ப்ளைவுட் ஆலை வந்தது. அதற்குள் உலக யுத்தத்தில் ப்ளைவுட்டாலேயே விமானம் செய்து பறக்கவிட்டிருந்தார்கள். டி ஹேவிலண்ட் கம்பெனியின் மொஸ்கிட்டோ. 1944-இல் அது நம் நாட்டுக்கு வந்து சில விமானங்கள் விழுந்தபோது, பாலிலிருந்து எடுக்கும் கேசின் பசை நம் மழைக்கும் வெயிலுக்கும் தாங்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தார்கள். விசாரித்துப் பார்த்தால், தொழிற்சாலையில் சில இணைப்புகளில் மரம் மரத்தோடு சரியாகப் பொருந்தவே இல்லை. இடைவெளி இருந்த இடத்தில் எந்தப் பசையும் பிடிக்காது. எங்கள் தெருக் கோடி ஆசாரி அந்த விமானத்தைப் பார்த்திருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பார். யுத்தத்துக்குப் பிறகு இரசாயனப் பசைகள் வந்தன. 1959-இல் பல்வந்த் பாரேக் ஃபெவிகாலைக் கொண்டுவந்தார். ஊறப்போட வேண்டாம், காய்ச்ச வேண்டாம், நாற்றமில்லை. டப்பாவைத் திறந்து தடவினால் போதும். பத்து இருபது வருஷத்தில் பட்டறைகளில் வச்சிரச் சட்டி அடுப்பைவிட்டு இறங்கிவிட்டது. மேசை, நாற்காலி, கதவு, அலமாரிக்கு இது பெரிய வரம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் அதை வீணைக்குத் தடவினேன். எந்தக் கம்பெனிப் பசை என்பது இப்போது நினைவில்லை, அது முக்கியமும் இல்லை. பழைய வச்சிரத்தைச் சுரண்டி, தடவி, கயிற்றால் கட்டி, பள்ளிக்கூடத்தில் சொன்னபடி இறுக்கி, மறுநாள் அவிழ்த்தேன். இரும்பு போல நின்றது. தந்தி ஏற்றினோம். அக்கா சுருதி சேர்த்து வாசித்தாள். அத்தான் என் முதுகில் தட்டி, "பிரெஞ்சுப் படிப்பு வீண் போகல" என்றார். நான் மீசையைத் தடவிக்கொண்டு ஊர் திரும்பினேன்.

இரண்டு மூன்று வருஷம் கழித்து அக்கா வீணையை உறையில் போட்டுவிட்டாள். போகும்போதெல்லாம் கேட்பேன். "விரல் வலிக்குதுடா. தந்தியை அமுக்க முடியல. அம்மியும் ஆட்டுக்கல்லும் இழுத்து விரல் கெட்டுப்போச்சு" என்பாள். நியாயமாகத்தான் பட்டது. கூட்டுக் குடும்பம், பதினாறு பேர். அதற்குப் பின் நாற்பது வருஷத்துக்கு மேல் அந்த உறை திறக்கவில்லை.

இந்த வருஷம் தை மாதம் அக்காவின் பேத்தி வீணை கற்றுக்கொள்ள ஆசைப்பட்டாள். புதிது வாங்க வேண்டாம், பாட்டியுடையதைச் சரிசெய்து வாங்கலாம் என்று என்னிடம் அனுப்பினார்கள். நான்தான் தஞ்சாவூரில் குடியேறிவிட்டேனே. வீணை செய்யும் ஆசாரி ஒருவரிடம் எடுத்துப்போனேன். என்னைவிடப் பத்து வயது இளையவர். பரம்பரைத் தொழில்.

அவர் வீணையை மடியில் வைக்கவே இல்லை. கண்ணுக்கு நேராகத் தூக்கி, யாளிப் பக்கமிருந்து தண்டி வழியாக, துப்பாக்கி குறி பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு ஒரு நூலைக் கட்டிக் காட்டினார். குடத்துப் பக்கம் மேல் மெட்டுகளில் தந்திக்கும் மெட்டுக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுழைந்தது.

"ஐயா, இது யார் ஒட்டினது?"

எனக்குத் தொண்டை அடைத்தது. "ஏன், விட்டுப்போச்சா?"

"விடல. விட்டிருந்தா நல்லாருந்திருக்கும். வெள்ளைப் பசை போட்டிருக்காங்க. அது மேசைக்கு நல்லது. இங்க தந்தி ராப்பகலா இழுக்குது பாருங்க, அந்த இழுப்புக்கு அது கொஞ்சம் கொஞ்சமா இளகிக்கொடுக்கும். உடையாது, விடாது, நகரும். வருஷத்துக்கு ஒரு மயிரிழை. தண்டி முன்னால சாய்ஞ்சா தந்தி மேல ஏறிடும். அப்புறம் வாசிக்கிறவங்க விரல்தான் சாகணும்."

வச்சிரம் அப்படி இளகாதாம். நின்றால் கல்லாக நிற்கும். ஈரமும் சூடும் பட்டால் அடியோடு விட்டுவிடும். அப்படி விடுவதையும் அவர் குறையாகச் சொல்லவில்லை. வெந்நீரும் சூடான தகடும் வைத்துத் திறந்து, பழுது பார்த்து, மறுபடி வச்சிரம் போட்டால் பழையதோடு புதியது பிடித்துக்கொள்ளும். வெள்ளைப் பசை உலர்ந்த இடத்தில் மறுபடி எதுவும் சரியாகப் பிடிக்காது. மரத்தின் கண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சுரண்டினால் மரமும் சேர்ந்து போகும்.

அவருக்கு அந்த ஒட்டைத் திறக்கவே நான்கு நாள் ஆயிற்று. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சூடு வைப்பார், மெல்லிய கத்தியைச் செருகுவார், நிறுத்துவார். கடைசியில் திறந்தபோது குடத்துப் பக்கம் ஒரு விரல் நீளத்துக்கு மரம் சிம்பாகப் பிய்ந்து வந்தது. நாற்பத்தெட்டு வருஷத்துக்கு முன் புயல் செய்யாததை நான் செய்திருக்கிறேன். பலாச் சிம்பு வைத்து அடைத்து, இழைத்து, ஊறப்போட்ட வச்சிரத்தைச் சட்டிக்குள் சட்டி வைத்து உருக்கினார். பட்டறை முழுக்க அந்தப் பழைய நாற்றம். கயிறு, ஆப்பு. மெழுகும் மெட்டும் புதிதாகக் கட்டினார். கூலி கேட்டபோது, நான் ஒட்டினதுதான் என்று ஒப்புக்கொண்டேன். "தெரியும் ஐயா, நீங்க கேட்ட விதத்துலயே தெரிஞ்சுது" என்றார்.

மாசி மாதம் வீணையை எடுத்துக்கொண்டு திருவாரூர் போனேன். அக்காவுக்கு எண்பத்துமூன்று நடக்கிறது. காது கொஞ்சம் மந்தம், நினைவு தெளிவு. பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை. அத்தான் காலமாகிப் பன்னிரண்டு வருஷம். நாங்கள் இரண்டு பேர்தான்.

பஸ்ஸில் வரும்போதே எப்படிச் சொல்வது என்று நாலைந்து விதமாக யோசித்து வைத்திருந்தேன். எதுவும் வரவில்லை. ஆசாரி சொன்னதை அப்படியே, அவர் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். தந்தி மேலே ஏறியது, விரல் நுழைந்தது எல்லாம். நான் போட்ட பசைதான் காரணம் என்றும் சொன்னேன்.

அக்கா வலது கையால் இடது கை ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப என் விரல் கெட்டுப்போகலையாடா?"

"இல்லக்கா."

"உங்க அத்தான்கிட்ட எத்தனை சண்டை போட்டிருக்கேன் தெரியுமா, அந்த ஆட்டுக்கல்லால" என்றாள். பிறகு, "சரி, அதை இப்படிக் கொடு."

கீழே உட்கார முடியாது. கட்டிலில் உட்கார்ந்து, தலையணை வைத்து, மடியில் சாய்த்துக்கொண்டாள். பிரடையை முறுக்கக் கையில் பலமில்லை. அவள் சொல்லச் சொல்ல நான் முறுக்கினேன். "இன்னும் கொஞ்சம். போதும். அதிகம், இறக்கு." சுருதி சேர்ந்ததும் சரளி வரிசையில் முதல் வரிசையை மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை வாசித்தாள். நடுவில் ஒரு இடம் பிசகியது. அதை மட்டும் திரும்ப வாசித்துச் சரிசெய்தாள்.

என்னை ஒன்றும் சொல்லவில்லை. காப்பி போடச் சொல்லி மருமகளுக்குக் குரல் கொடுத்தாள். பேத்தி வந்ததும், "தந்தி லேசா இருக்கு பாரு, அமுக்கு" என்று அவள் கையைப் பிடித்து மெட்டின் மேல் வைத்தாள்.

மே மாதத்தில் பேரன் மூன்று மணி நேரத்தில் மூட்டையை இறக்கச் சொன்னபோது, இதெல்லாம் தெரிந்த பிறகும் நான் ஏன் இறக்கினேன் என்று எனக்கே புரியவில்லை. இரண்டாவது பலகையோடு அவன் சென்னைக்குப் போய்விட்டான். ஓரம் இன்னும் பிரியவில்லை, நடுவில் மட்டும் ஏறி நின்றால் லேசாக வளைகிறது என்று நேற்றுப் போனில் சொன்னான். தினமும் நூல் கட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.